நாற்காலியை விட்டு எழும் வலிமை

எங்கள் முதியோர் பிரிவிற்கு வருபவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தபின் ஒரு சிறு சோதனையும் செய்கிறோம். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து அமரச் சொல்கிறோம். அதற்கு 15 விநாடிக்கு மேல் ஆனால் தொடைத் தசைகள் வலுவிழந்திருக்கக்கூடும் என்று கருதுகிறோம். மூட்டுவலியாலும் நேரம் கூடலாம். அதைத் தனியே ஆராய்வோம்.

30 வயதைக் கடந்தபின் ஒவ்வொரு பத்தாண்டிலும் நம் தசை 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது. 60 வயதிற்குப் பின் இக்குறைவு விரைவுபடுகிறது. தசை போன இடத்தில் கொழுப்பு சேர்வதால் எடைக் கருவி இதைக் காட்டிக் கொடுப்பதில்லை. கழிப்பறையில் சுவரைப் பிடித்து எழுவதும், பேருந்துப் படியில் தயங்குவதும், தரையில் அமர்வதைக் கைவிடுவதுமே முதல் அறிகுறிகள். வயதாகிவிட்டது என்று வீட்டார் அவற்றை ஒதுக்கிவிடுகின்றனர். பின்னர் ஒருநாள் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின்தான் பலரை நாங்கள் காண்கிறோம். முறிவு கூடினாலும் பழைய நடை எல்லோருக்கும் திரும்புவதில்லை.

"நீங்கள் உட்காருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது அன்பின் சொல்தான். ஆயினும் தசைக்கு அது நல்லதன்று. நலமாயிருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தபோது, கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை குறைந்தது. ஆகவே காய்ச்சல் தணிந்ததும், மருத்துவர் தடுக்காத வரையில், அவர்களை எழுந்து நடக்க விடுங்கள். துணி மடிப்பது, கீரை ஆய்வது, செடிக்கு நீர் ஊற்றுவது போன்ற வேலைகளைப் பறித்துக்கொள்ளாதீர்கள்.

இழந்த வலிமையை மீட்கலாம். 1990இல் பாஸ்டனில், 90 வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகள் சிலர் 8 வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி செய்தனர். அவர்களின் கால் வலிமை இருமடங்கிற்கும் மேலாயிற்று. நடைப்பயிற்சி இதயத்திற்கு நல்லது. தசைக்கு அது மட்டும் போதாது. சுவரோரம் நாற்காலியைப் போட்டு, 8 முதல் 10 முறை மெதுவாக எழுந்து அமர்க. சற்று ஓய்ந்து மீண்டும் ஒருமுறை செய்க. வாரத்தில் 2 அல்லது 3 நாள் செய்தால் போதும். மூச்சை அடக்கக் கூடாது. சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவதும் நன்று.

பயிற்சிக்கு ஏற்ற உணவும் வேண்டும். இரவில் கஞ்சி, காலையில் இட்லி என்று முடித்துக்கொள்ளும் முதியவர்களுக்குப் புரதம் போதாது. உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமேனும் நாள்தோறும் தேவை; 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு. பருப்பு, சுண்டல், தயிர், மீன் இவற்றை மூவேளைக்கும் பகிர்ந்து உண்க. சிறுநீரக நோயாளிகள் எங்களைக் கேட்டபின்பே அளவைக் கூட்ட வேண்டும்.

எழும்போது தலைசுற்றினால் அது தசையின் குறையாக இராது. அழுத்த மாத்திரையோ, ஆண்களுக்குத் தரப்படும் புராஸ்டேட் மாத்திரையோ காரணமாகலாம். அத்தகையோரும், ஓராண்டில் இருமுறை விழுந்தவர்களும், நெஞ்சுவலி உள்ளவர்களும் பயிற்சியைத் தாமே தொடங்காமல் முதலில் எங்களிடம் வருக. வரும்போது உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், வழக்கமாக அணியும் செருப்பையும் கொண்டு வருக.