இனிப்பு நீர்: வருமுன் காப்பும் வந்தபின் காப்பும்



புத்தகத் தமிழில் நீரிழிவு என்றும், சித்த வைத்தியத்தில் மதுமேகம் என்றும், மலாய்க்காரரிடத்தில் கென்சிங் மானிஸ் என்றும், இங்கு நம்மவரிடையே இனிப்பு நீர் என்றும் வழங்குவது ஒரே வியாதிதான். பெயர் இனிப்பு, செய்கையோ மிகக் கசப்பு.

வியாதி யாது?

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் சீனியும் வயிற்றில் கரைந்து, சர்க்கரைச் சத்தாக மாறி இரத்தத்தில் சேர்கின்றன. அச்சத்தை உடம்பின் உறுப்புகளுக்குள் சேர்ப்பது, கணையம் சுரக்கும் இன்சுலின் என்னும் நீர். அந்நீர் குறைந்தாலும், இருந்தும் வேலை செய்யாவிட்டாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. லாரியில் சரக்கு வந்து இறங்கிக்கொண்டேயிருக்க, கடைக்கதவு திறவாவிட்டால் சரக்கெல்லாம் தெருவில் கிடந்து கெடுமல்லவா? அதைப் போன்றதே இது.

2019-ல் மலேசிய அரசாங்கம் எடுத்த சுகாதாரக் கணக்கில், வயது வந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு இவ்வியாதி காணப்பட்டது. இந்திய வம்சத்தாரில் மட்டும் நூற்றுக்கு முப்பத்தொருவர். 2023-ல் எடுத்த கணக்கில் மொத்த விகிதம் 15.6 ஆகக் குறைந்தது. ஆனால் வியாதியுள்ள ஐவரில் இருவர் தமக்கு அது இருப்பதையே அறியாதிருந்தனர்.

நம்மவருக்கு ஏன் இவ்வளவு?

வம்சவழி ஒரு காரணம். மற்றொன்று வாழ்க்கை மாறியது. கெடா தோட்டங்களில் இருட்டோடு எழுந்து மரம் சீவி, பால் வாளி சுமந்து மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தவர்களுக்கு உண்ட சோறு உழைப்பிலேயே கரைந்தது. இன்று அவர்கள் பிள்ளைகள் நாற்காலியிலும் மோட்டார் சைக்கிளிலும் பொழுதைக் கழிக்கிறார்கள். நடை போய்விட்டது, சோற்றுத் தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

தேத்தண்ணீரையும் கவனியுங்கள். டின் பாலின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைய சேர்த்த சீனியே. ஒரு கிளாஸில் இரண்டு மேஜைக்கரண்டி டின் பால் ஊற்றினால் ஏறக்குறைய 18 கிராம் சீனி. ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமைத் தாண்டலாகாது, 25-க்குள் நின்றால் இன்னும் நலம் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2015-ல் கூறியது. இரண்டு கிளாஸிலேயே அந்த 25 தாண்டிவிடுகிறது.

வருமுன் காப்பு

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் செய்து 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியை நாம் அறிந்திருப்பது நலம். இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கி, ஆனால் வியாதி இன்னும் வராத 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். முதற் பிரிவாருக்குச் சாதாரண யோசனை மட்டும். இரண்டாம் பிரிவாருக்குத் தினம் அரைமணி நடையும் உணவுக் கட்டுப்பாடும். மூன்றாம் பிரிவாருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காம் பிரிவாருக்கு இரண்டும். மூன்று ஆண்டுகளில் முதற் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. நடந்தவர்களில் 39, மாத்திரை உண்டவர்களில் 40, இரண்டும் செய்தவர்களிலும் ஏறக்குறைய அவ்வளவே. வருமுன் காப்பதில் நடையும் அளவான உணவும் மாத்திரைக்குச் சற்றும் இளைத்தவையல்ல என்பது இதன் பாடம்.

வந்தபின் காப்பு

ஆனால் இப்பாடத்தை வியாதி வந்தவர்கள் தவறாக எடுத்துக்கொண்டு மருந்தை விட்டுவிடலாகாது. வந்தபின் பழக்கமும் வேண்டும், மருந்தும் வேண்டும். உடம்பு சுகமாயிருக்கிறதே என்று தாமாக மாத்திரையை நிறுத்துவது, வீடு ஒழுகவில்லையே என்று கூரையைப் பிரிப்பதற்கு ஒப்பாகும்.

ஊசி போட்டால் கதை முடிந்தது என்று சிலர் அஞ்சுகிறார்கள். இன்சுலின் 1921-ல் கனடாவின் டொரோண்டோவில் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரியில் அதை முதலில் பெற்றவன், மரணத்தறுவாயிலிருந்த 14 வயதுச் சிறுவன். அவன் பிழைத்து மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். அது உயிரைக் காக்க வந்த மருந்து.

பாகற்காயைக் கறியாக உண்ணலாம்; மருந்துக்குப் பதிலாக உண்ணலாகாது. ‘மால்’ என்னும் அரசாங்கப் பதிவு எண் இல்லாத மாத்திரைப் பொட்டலங்களை யார் புகழ்ந்து விற்றாலும் வாங்காதீர்கள்.

தினம் இரவில் இரு உள்ளங்கால்களையும் பாருங்கள். உணர்ச்சி மங்கிய காலில் முள் குத்தினாலும் தெரியாது. புண் முற்றினால் காலையே எடுக்க நேரும். வருஷம் ஒருமுறை கண்ணையும் சிறுநீரகத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருவோரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது இவ்வியாதியே.

நோன்புக் காலம்

ரமலானுக்கு ஓரிரு மாதம் முன்பே டாக்டரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, மருந்தை எந்த நேரத்தில் எவ்வளவு கொள்வது என்று கேட்டறிய வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்றே உலமாக்கள் கூறுகின்றனர். அளவு 3.9-க்குக் கீழே இறங்கினாலும் 16.6-க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது வைத்தியர்களின் எச்சரிக்கை. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை ஏற்பது குறைவாகாது.

நாம் செய்யக்கூடியவை

நாற்பதைக் கடந்தவர்களும், தாய் தந்தையருக்கு இவ்வியாதி உள்ளவர்களும் இவ்வாரமே அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டர் சொற்படி மறுபடியும் சோதிக்க வேண்டும். கந்தூரிகளில் சர்பத்தோடு வெறுந்தண்ணீரும் வைப்போம்; தேநீருக்குச் சீனியைத் தனியே வைப்போம்.

சீனி விற்கும் கடைக்காரர் சீனியைக் குறைக்கச் சொல்லலாமா என்று பாக்கார் ஆராங்கில் சிலர் நம்மைக் கேலி செய்வதுண்டு. வாடிக்கைக்காரர் தம் இரு காலாலும் நடந்து நெடுநாள் கடைக்கு வந்தால்தான் வியாபாரத்திலும் பரக்கத் உண்டு என்பதே நமது பதில்.