விருதுநகரில் சாப்பிட நேரம் பார்த்துப் போங்கள்

பருப்பு, வத்தல், மல்லி எடுக்க விருதுநகர் போய்வரும் மளிகைக்கடைக்காரன் நான். சரக்கை லாரியில் ஏற்றிவிட்டால் அடுத்த வேலை சாப்பாடு. "எண்ணெய்ப் பரோட்டா, எண்ணெய்ப் பரோட்டான்னு சொன்னாங்க, ஒண்ணும் சரியில்லையே" என்று அலுத்துக்கொள்ளும் வெளியூர்க்காரர்களைப் பார்த்திருக்கிறேன். விசாரித்தால், மத்தியானம் ஆறிப்போனதைச் சாப்பிட்டிருப்பார்கள். இந்த ஊரில் எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் முக்கியம்.

காலையில் தெப்பக்குளம், பஜார் பக்கம் மூட்டை தூக்குகிறவர்கள் நிற்கிற டீக்கடையில் நில்லுங்கள். அங்கே வடை தட்டில் தங்காது. சட்டியிலிருந்து நேராகக் கைக்கு வரும். மதியம் வெயில் மண்டையைப் பிளக்கும். அப்போது கறிச்சோற்றை ஒரு கட்டுக் கட்டினால் சாயங்காலப் பசி போய்விடும். மோரும் கொஞ்சம் சோறும் போதும்.

பொழுது சாய்ந்ததும் பரோட்டாக் கடைக்குப் போங்கள். கல்லுக்குப் பக்கத்து மேசை கிடைத்தால் விடாதீர்கள். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை மாஸ்டர் தட்டி, வீசி, சுருட்டி, உள்ளங்கையால் அழுத்துவார். நடுவில் குழிந்த அகலமான கல்லில் எண்ணெய் தேங்கி நிற்கும். அதில் பரோட்டாவை இறக்கினால் ஓரத்தில் சலசலவென்று குமிழி கிளம்பும், மடிப்பு ஒவ்வொன்றாக விரியும். இரண்டு பக்கமும் சிவந்ததும் மேட்டுக்கு ஒதுக்கி எண்ணெயை வடியவிடுவார். அங்கேயே அந்த எண்ணெயையும் பார்த்துக்கொள்ளுங்கள். கறுத்து, நுரை தள்ளினால் பலமுறை காய்ந்த எண்ணெய். பேசாமல் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.

இலையில் வைத்ததும், "அண்ணே, பிச்சுப் போட்டுச் சால்னா ஊத்திரவா?" என்று கேட்பார்கள். "முதல் ரெண்டை முழுசா வைங்க தம்பி, சால்னா ஓரமா ஊத்துங்க" என்பேன். மொறுமொறுப்புத்தானே இந்தப் பரோட்டாவின் உயிர். ஊறிவிட்டால் அது போய்விடும். ஒவ்வொரு விள்ளலாகத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதை வேண்டுமானால் பிய்த்து ஊறப்போடலாம். சுக்காவோ காடையோ ஒன்று போதும். நாலைந்து வகையை ஒரே இலையில் பரப்பினால் எதன் ருசியும் நாக்கில் நிற்காது. குழந்தைகளோடு போனால் சால்னாவை முதலில் ஒரு சொட்டு ருசி பாருங்கள், காரம் கடைக்குக் கடை மாறும்.

சாப்பிட்டு முடித்ததும் பொவண்டோ குளிர்பானம் ஒன்று. அதைத் தயாரிக்கும் காளிமார்க் 1916இல் இந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது. எண்ணெயும் மசாலாவும் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின் அந்தத் திராட்சை வாசமும் சுருக்கென்ற காரமும் தொண்டைக்கு அவ்வளவு இதம். எந்த வெளிநாட்டுக் கோலாவும் இதற்கு ஈடில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

தயவுசெய்து எண்ணெய்ப் பரோட்டாவைப் பார்சல் வாங்காதீர்கள். மதுரை போய்ச் சேருவதற்குள் தோலாகிவிடும். வீட்டுக்கு ஏதாவது வாங்கியே ஆகவேண்டும் என்றால் பக்கத்துச் சாத்தூரின் காராச்சேவு வாங்கிக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் நாள்பட நமுத்துப்போகாமல் இருக்கும்.