தண்ணீரும் அளவோடுதான்! – பாஸ்டன் மாரத்தான் சொல்லும் பாடம்

“டாக்டர், பையன் மாரத்தான் ஓடப் போறானாம். வழியெல்லாம் தண்ணி குடிச்சுக்கிட்டே ஓடணும்னு சொல்றான். எவ்வளவு குடிச்சாலும் நல்லதுதானே?”

இப்படிக் கேட்கும் பெற்றோர் இப்போது பெருகிவிட்டார்கள். ‘இல்லை’ என்பதுதான் என் பதில். ஏன் என்று தெரிய வேண்டுமானால், அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் வரை என்னோடு ஒரு நடை வாருங்கள்.

உலகில் ஆண்டுதோறும் நடக்கும் மாரத்தான்களில் மிகப் பழையது பாஸ்டன் ஓட்டம். 1896-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தானைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், மறு வருஷமே தங்கள் ஊரிலும் அதைத் தொடங்கிவிட்டார்கள். 1897 ஏப்ரல் 19-ல் நடந்த முதல் ஓட்டத்தில் கிளம்பியவர்கள் 15 பேர்தான். ஜான் மெக்டர்மட் என்பவர் 2 மணி 55 நிமிடத்தில் ஓடி ஜெயித்தார். அப்போது தூரம் சுமார் 39 கிலோமீட்டர். இன்றைய 42.195 கிலோமீட்டர் என்ற கணக்கு 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்தது. அதற்கேற்ப 1924-ல் பாஸ்டனிலும் ஓட்டம் தொடங்கும் இடத்தை ஹாப்கின்டன் என்ற ஊருக்கு மாற்றினார்கள். அன்று 15 பேரோடு தொடங்கிய ஓட்டத்தில் இன்று பல்லாயிரம் பேர் ஓடுகிறார்கள்.

‘பெண்ணுடம்புக்கு இவ்வளவு தூரம் ஆகாது’ என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1966-ல் பாபி கிப் என்ற இளம்பெண் புதர் மறைவில் காத்திருந்து, கூட்டத்தோடு கலந்து முழு தூரமும் ஓடிக் காட்டினார். அடுத்த வருஷம் 261 என்ற எண்ணோடு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை, போட்டி அதிகாரி ஒருவர் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அவரும் ஓடி முடித்தார். 1972-ல்தான் பெண்களுக்கு முறையான அனுமதி கிடைத்தது. ஆகாது என்று பிறர் சொன்னதை அந்த உடம்புகளே பொய்யாக்கின!

இன்னொருவர் கதையையும் கேளுங்கள். அச்சகத் தொழிலாளியான கிளாரன்ஸ் டிமார், 1911 ஓட்டத்துக்கு முன் இதயப் பரிசோதனைக்கு நின்றார். இதய ஒலியில் ஏதோ மாறுபாடு கேட்கிறது, இனி ஓட வேண்டாம் என்றார்கள். அன்று ஓடிய அவர்தான் முதலாவதாக வந்தார்! 1930-க்குள் மொத்தம் ஏழு முறை பாஸ்டனில் ஜெயித்தார். 65 வயதிலும் அங்கே ஓடினார். 1958-ல் அவர் இறந்தது புற்றுநோயால். உடலைப் பரிசோதித்தபோது, இதயத்துக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. இதைப் படித்துவிட்டு, இதய நோயுள்ளவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. டிமாருக்கு ஒத்துக்கொண்டது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. நாற்பதைத் தாண்டியவர்கள் பரிசோதனை செய்துகொண்ட பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

பாஸ்டன் பாதையில் சுமார் 33-வது கிலோமீட்டரில் ஒரு மேடு இருக்கிறது. ‘நெஞ்சை உடைக்கும் குன்று’ என்று அதற்குப் பெயர். குன்று ஒன்றும் பெரிதல்ல. ஆனால் அது வரும் நேரம் மோசமானது. நாம் சாப்பிடும் சோற்றின் சத்து, ஈரலிலும் தசைகளிலும் சர்க்கரைச் சேமிப்பாகத் தங்குகிறது. முப்பது கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்தச் சேமிப்பு பெரும்பாலும் கரைந்துவிடும். காலி டப்பாவைச் சுரண்டும் நேரத்தில் மேடு வந்தால் எப்படி இருக்கும்? அதனால்தான் வெறும் வயிற்றோடு நெடுந்தூரம் ஓடக்கூடாது என்கிறோம். முந்தின நாள் நன்றாகச் சாப்பிட வேண்டும். ஓடும்போதும் இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாக இனிப்பு சேர வேண்டும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். 2002 பாஸ்டன் ஓட்டத்தில் ஓடிய ஓர் இளம்பெண் இறந்துபோனார். காரணம் தாகமல்ல, அளவுக்கு மீறிக் குடித்த திரவம். அதே ஓட்டத்தில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. அவர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் மெதுவாக ஓடியவர்களும்தான் இதில் அதிகம் சிக்கினார்கள். விளையாட்டு பானம் குடித்தவர்களும் தப்பவில்லை.

நடப்பது இதுதான்: வியர்வையில் போனதைவிட அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகிறது. நீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து மூளை வீங்குகிறது. தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், உளறல், வலிப்பு என்று வளர்ந்து உயிரையே பறிக்கலாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்?

அப்படியானால் எவ்வளவுதான் குடிப்பது? சித்த மருத்துவம் பதினான்கு வேகங்களைச் சொல்கிறது. இவற்றை அடக்கக்கூடாது என்பது விதி. நீர்வேட்கையும் இளைப்பும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தாகம் எடுத்தால் குடியுங்கள். எடுக்காதபோது வலிந்து குடிக்க வேண்டாம். களைப்பு மேலிட்டால் வேகத்தைக் குறையுங்கள், நடங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயிற்சி நாட்களில் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். கொஞ்சம் குறைந்திருந்தால் இயல்புதான். கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஓடி முடித்த பிறகு உப்பு போட்ட நீர்மோரோ கஞ்சியோ போதும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடி வந்த பிள்ளை வாந்தி எடுத்து, பேச்சு குழறினால், “பாவம், வெயில்ல வாடிட்டான்” என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் புகட்டாதீர்கள். கஷாயம் கொடுத்துப் பார்ப்போம் என்றும் காத்திருக்காதீர்கள். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எவ்வளவு குடித்தான் என்பதைச் சொல்லி, ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காப்பாற்றலாம்.