பெட்டியை அளக்குமுன் இடத்தை அளந்து பாருங்கள்

மின்காந்த இடையூறு அளக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். சென்னை தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. அதுபோன்ற இடங்களில், சுவரெல்லாம் அலையை உறிஞ்சும் கூம்புகள் பதித்த அறைக்குள் பழகுவது நல்ல தொடக்கம். ஆனால் எல்லா இயந்திரமும் லேபுக்கு வராது. மரக்காணம் உப்பளத்தில், உப்புநீர் இறைக்கும் பம்பின் இன்வெர்ட்டரை அளக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நினைவில் இருக்க வேண்டியவை:

1. முதல் அளவை இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுங்கள். வானொலி இடையூறு வரம்புகளை வகுக்கும் சர்வதேசக் குழுவான சிஸ்பர் வீட்டு உபயோகக் கருவிகளுக்கு வைத்திருக்கும் வரம்பு, 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை, 10 மீட்டர் தொலைவில், மீட்டருக்குச் சுமார் 32 மைக்ரோவோல்ட்தான். அதைவிடப் பல மடங்கு பலமாக எஃப்எம் நிலையங்கள் காற்றில் நிற்கின்றன. கோடையில் கடல்மேல் சூடான காற்று அடுக்கு விரியும் நாட்களில் இலங்கை எஃப்எம்கூட நம் கடற்கரையில் தெளிவாகக் கேட்கும். நேற்று காலியாக இருந்த அலைவரிசையில் இன்று ஆள் இருக்கலாம். ஆகவே பழைய பதிவை நம்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் நிறுத்தி ஒன்று, ஓடவிட்டு ஒன்று.

2. தரையைப் பாருங்கள். இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆன்டெனாவுக்கு இரண்டு அலைகள் வருகின்றன: ஒன்று நேராக, இன்னொன்று தரையில் பட்டு. இரண்டும் கூடலாம், ஒன்றையொன்று தின்னவும் செய்யலாம். லேபில் உலோகத் தரை போட்டு, ஆன்டெனாவை 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை ஏற்றி இறக்கி, அதிகபட்ச அளவைத் தேடுவது இதற்காகத்தான். 80 செ.மீ. உயர மேசையில் இருக்கும் பெட்டியை 10 மீட்டர் தள்ளி நின்று 100 மெகாஹெர்ட்ஸில் அளக்கிறீர்கள், ஆன்டெனா படுக்கையாக இருக்கிறது என்றால், 1 மீட்டர் உயரத்துக்கும் 4 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 10 டெசிபல் வித்தியாசம் வரும். பெட்டி அதேதான்.

உப்பளத்தில் இது இன்னும் கூர்மையாகும். கடல்நீருக்குள் 100 மெகாஹெர்ட்ஸ் அலை இரண்டரை சென்டிமீட்டர் இறங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். பாத்தியில் வற்றிக் கெட்டியான உப்புநீரில் அவ்வளவுகூட இறங்காது. பாத்தி கிட்டத்தட்ட உலோகத் தகடாகவே நடந்துகொள்ளும். ஆன்டெனாவை நிமிர்த்தி வைத்தால், பாத்தியில் பட்டு வரும் அலை நேர் அலையோடு கூடும். காய்ந்த மணலில் பட்டு வருவது அதைக் குறைக்கும். ஒரே இன்வெர்ட்டர், ஒரே தூரம். பாத்தி வழியாக அளந்தால் ஓர் எண், சாலையோர மணல் வழியாக அளந்தால் வேறு எண். இரண்டும் பொய்யில்லை. எந்தத் தரை, எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி என்று எழுதாத அறிக்கைதான் பொய்.

3. பெட்டியைவிட வயரைச் சந்தேகியுங்கள். ஒரு மீட்டர் வயர் 75 மெகாஹெர்ட்ஸில் நல்ல ஆன்டெனா. மோட்டாருக்குப் போகும் வயரைச் சற்று நகர்த்திப் பாருங்கள், திரையில் முகடு ஏறி இறங்கும். ஃபெரைட் வளையம் ஒன்றை மாட்டியதும் அது சரிந்தால், எங்கே கை வைப்பது என்று தெரிந்துவிட்டது.

4. பலமான எஃப்எம் உங்கள் ப்ரீ-ஆம்பிளிஃபயரைத் திணறடித்து, இல்லாத முகடுகளை உண்டாக்கும். அதற்கு முன்னால் 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் போடுங்கள். சரியாக 10 குறைந்தால் உண்மை அலை. அதற்குமேல் குறைந்தால் கருவி தானே பிறப்பித்தது.

5. உப்புக்காற்று இணைப்புகளைத் தின்னும். கேபிள் முனைகளைத் துடைத்துவிட்டே மாட்டுங்கள். போகும்போதும் திரும்பும்போதும் தெரிந்த அளவுள்ள ஒரு சிக்னலைக் கொடுத்துச் சரிபாருங்கள். துருவேறிய கம்பிவேலி, தகரக் கொட்டகை ஆகியவற்றின் மூட்டுகள் டயோடு போல வேலை செய்து, வானொலி அலைகளைக் கலந்து புது அலைகளை உண்டாக்கும். குச்சியால் தட்டுங்கள். முகடு துள்ளினால் குற்றம் வேலியுடையது, பம்பின்மேல் எழுதிவிடாதீர்கள்.

6. கையடக்க மீடியம் வேவ் ரேடியோவை இளக்காரமாக நினைக்காதீர்கள். நிலையம் இல்லாத அலைவரிசையில் வைத்து, ரேடியோவையே மெல்லச் சுழற்றுங்கள். இரைச்சல் அடங்கும் நிலையில், உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை இரைச்சல் வரும் பக்கத்தைக் காட்டும். 1934-ல் பாரிஸில் சிஸ்பர் கூடியதே வானொலி கேட்பவரைக் காப்பாற்றத்தான்.

7. யாருக்காக அளக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். உப்பளத்துக்கு அப்பால் மீனவர் குப்பங்கள். படகின் விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சானல், 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக் குரலுக்கானது. 2018-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை, படகின் எல்இடி விளக்குகளே இந்த ரேடியோவைக் கெடுக்கக்கூடும் என்று எச்சரித்தது. சோதிக்க அனலைசர் வேண்டாம். விளக்கை அணைத்து, பேச்சில்லாத சானலில், இரைச்சல் நிற்கும் அளவுக்கு மட்டும் ஸ்குவெல்ச்சைத் திருகி, பிறகு விளக்கைப் போட வேண்டும். இரைச்சல் திரும்பினால் அந்த விளக்கை மாற்ற வேண்டும். வேலை முடிந்து வண்டியில் ஏறுமுன், கரையில் இருக்கும் படகுக்காரர் ஒருவருக்காவது இதைச் செய்து காட்டிவிட்டு வாருங்கள்.