திண்ணையை விட்டு இறங்காதீர்கள்

"இலவசமாச் சொல்லிக்கொடுத்தா மதிப்பு இருக்காது, மாசம் நூறு ரூபாயாவது வாங்குங்க" என்று எனக்கு யோசனை சொன்னவர்கள் திருப்பதியில் நிறையப் பேர். அவர்களில் ஒருவர்கூட சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜீவகோனாவின் உள்தெருக்களுக்குள் வந்து பார்த்ததில்லை. மலையடிவாரத்துப் பேட்டை அது. அம்மா லாட்ஜில் அறை கூட்டப் போயிருப்பாள். அப்பா ஆட்டோவிலோ கட்டட வேலையிலோ இருப்பார். பன்னிரண்டு வயதுப் பெண்தான் பள்ளியிலிருந்து வந்து, குடத்தை வரிசையில் வைத்து, தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு, உலையும் வைக்க வேண்டும். அப்படிப்பட்டவள் ஒன்றரை மணி நேரம் வந்து உட்கார்ந்து படம் போடுகிறாள் என்றால் அதுவே அவள் கட்டுகிற கட்டணம். அதற்கு மேல் அவளிடம் நூறு ரூபாய் கேட்க எனக்கு வாய் வராது.

நான் நகரியில் பிறந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. எங்கள் பக்கத்தில் பலருக்கும் அப்படித்தான். கல்யாணமாகி ஸ்ரீகாளஹஸ்தியில் குடியிருந்த காலத்தில் கலம்காரித் துணி ஓவியம் கற்றேன். பிறகு திருப்பதிக்கு வந்தோம். ஜீவகோனாப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வகுப்பை ஆரம்பித்தபோது இதெல்லாம் சித்தூர் மாவட்டம்; 2022 ஏப்ரல் 4 அன்றுதான் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. நீங்களும் இப்படி ஒரு வகுப்பு தொடங்க நினைத்தால், பதிவு, பான் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் தேட வேண்டியது, எங்களுக்கு ஒரு பாட்டி தந்ததுபோல, ஒரு திண்ணை. உங்கள் பக்கத்துத் தெருவிலும் பிள்ளைகளை நேசிக்கிற ஒரு பாட்டி இருப்பார், அவர் வீட்டு முன்னால் பத்துப் பதினைந்து பேர் உட்கார இடமும் இருக்கும். போய்க் கேளுங்கள்.

இனி எங்களுக்கு மிகப் பெரிய நஷ்டத்தைக் கொடுத்த முடிவைப் பற்றிச் சொல்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

திண்ணை வகுப்பு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பொங்கலுக்குப் பிள்ளைகள் வரைந்த துணிகளைத் தெருவில் கொடி கட்டித் தொங்கவிட்டோம். அதை யாரோ படம் எடுத்துப் போட, ஊரில் பெயருள்ள ஒரு அறக்கட்டளை எங்களைத் தேடி வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு ஒரு ஹால் இருக்கிறது. மின்விசிறி, மேசை, குழாய், கழிப்பறை எல்லாம் உண்டு. வாடகை வேண்டாம், சாயப் பொருள் செலவையும் தாங்களே ஏற்கிறோம் என்றார்கள். என்னோடு வகுப்பை நடத்திய குழுவில் மற்ற எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் வேண்டாம் என்றேன். அவ்வளவு தூரம் பிள்ளைகள் எப்படி வருவார்கள் என்று கேட்டேன். "நல்ல விஷயம்னா தேடி வருவாங்க" என்று ஒருவர் சொன்னார். என் எதிர்ப்பு கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. கையைத் தூக்கி முடிவெடுத்தார்கள். போனோம்.

முதலில் வராமல் நின்றவர்கள் பெண் பிள்ளைகள். தூரம் ஒரு காரணம், இருட்டிய பிறகு திரும்பி வருவது இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தை நானே எதிர்பார்க்கவில்லை. கைக்குழந்தைகளை உள்ளே விடக் கூடாது என்று ஹாலில் ஒரு விதி. தரை அழுக்காகிவிடுமாம். திண்ணையில் எங்கள் பெண்களில் பாதிப் பேர் தம்பி தங்கையோடுதான் வருவார்கள். குழந்தை ஒரு பக்கம் தவழும், ஒரு பக்கம் அக்கா கோடு இழுப்பாள், பாட்டி குழந்தையைப் பிடித்துக்கொள்வார். ஹாலின் வாசலில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணைக் காவலாளி திருப்பி அனுப்பினார். அவள்தான் எங்களிடம் வந்தவர்களிலேயே கை மிகச் சுத்தமாக ஓடக்கூடியவள். ஒரே இழுப்பில் யானையின் முதுகை வரைவாள். அவள் திரும்ப வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அவள் அம்மா சொன்னார்: "ஆட்டோவுக்கும் காசு, சின்னவனைப் பாத்துக்க ஆளும் நீங்களே கொடுத்தா அனுப்பறேன், தல்லீ." அவர் கோபப்பட்டுச் சொல்லவில்லை. கணக்கைச் சொன்னார்.

பையன்கள் இன்னும் சில வாரம் வந்தார்கள். அதற்குள் ஆண்டு விழா வந்தது. பிள்ளைகள் அறக்கட்டளையின் பெயர் அச்சடித்த டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, துணியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, விருந்தினர் வரும்வரை வெயிலில் நிற்க வேண்டும் என்றார்கள். துணியின் ஓரத்தில் பிள்ளையின் பெயர் இல்லை, கொடையாளியின் பெயர் இருந்தது. அன்றே நான் வெளியேறினேன். பிடிவாதக்காரி, வந்த லட்சுமியை உதைத்தவள் என்று என்னோடு இருந்தவர்களே இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஹாலில் வகுப்பு அடுத்த கோடைக்குள் ஆளில்லாமல் நின்றுபோனது. நான் திண்ணைக்குத் திரும்பியபோது தம்பியைத் தூக்கி வந்த அந்தப் பெண்ணின் குடும்பம் ஊர் மாறிப் போயிருந்தது. அந்த ஒரு இழப்புக்கு எந்த ஹாலும் ஈடாகாது.

ஆகவே நான் சொல்வது இதுதான். பிள்ளையின் நாள் முழுவதையும் நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். முடியாதென்றால் பிள்ளை இருக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள். முதல் வழிக்கு நம் பக்கத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம் அது. தங்குமிடம், சாப்பாடு, பள்ளிப் படிப்பு, கூடவே கூத்து. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளையும் வேஷம் கட்ட வைத்தார்கள். வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரெயு தொடங்கிய இசைக் கல்வி இயக்கம் இரண்டாவது வழி. குடியிருப்புகளுக்குள்ளேயே மையம் திறந்து வாத்தியத்தைக் கையில் கொடுத்தார்கள். கலம்காரியே இப்படித்தான் பிழைத்தது. அழியும் நிலையில் இருந்த அதைக் கமலாதேவி சட்டோபாத்யாய் கண்டுகொள்ள, 1950களின் பிற்பகுதியில் கைவினை வாரியத்தின் பயிற்சி மையத்தைக் கலைஞர்கள் வாழ்ந்த ஸ்ரீகாளஹஸ்தியிலேயே வைத்தார்கள். அதை மதராசுக்குக் கொண்டுபோயிருந்தால் 2008இல் ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்குப் பத்மஸ்ரீ வரும் அளவுக்கு அந்தக் கலை தழைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். இந்த இரண்டு வழிக்கும் நடுவில் நிற்கிற ஹால், பஸ் வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

தொழில் பற்றிக் கொஞ்சம். கலம்காரி அவசரக்காரர்களுக்கு ஆனதில்லை. மசூலிப்பட்டினத்துப் பக்கம் பெடனாவில் அச்சுக்கட்டை வைத்து அச்சிடுவார்கள். காளஹஸ்தியில் மூங்கில் கலம் பிடித்துக் கையால் வரைய வேண்டும். காடாத் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். பாலின் கொழுப்பு இருந்தால்தான் மை துணியில் பரவாமல் நிற்கும். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் வாரக்கணக்கில் புளிக்க வைத்தால் கறுப்பு மை. பார்க்க வெளிறிய தண்ணீர்போல இருக்கும். கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கண்ணெதிரே கறுத்துவிடும். படிகாரம் பூசின இடம் மஞ்சிட்டி வேரோடு கொதிக்க வைத்த பிறகே சிவக்கும். அப்புறம் ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும், அதற்குத்தான் காளஹஸ்தியில் பொன்முகலி இருக்கிறது. ஜீவகோனாவில் ஆறு கிடையாது, குழாயே விட்டு விட்டு வரும். அலசுகிற வேலையை மட்டும் மாதம் ஒருமுறை காளஹஸ்தியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திடம் அனுப்பிவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஆரம்பத்திலேயே துணியையும் கலத்தையும் கொடுக்காதீர்கள். புளியங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கி, பழைய செய்தித்தாளில் வரையச் சொல்லுங்கள். காளஹஸ்தி கோயில் கதையில் வருகிற சிலந்தி, பாம்பு, யானை மூன்றும் கைப்பழக்கத்துக்குப் போதும். சிலந்தி நேர்கோடு கற்றுக்கொடுக்கும், பாம்பு வளைவு, யானை இரண்டையும் சேர்க்கும்.

துணிக்குப் பால் ஊற்றும் வேலையைப் பிள்ளைகள் முன்னால் செய்யவே செய்யாதீர்கள். ஒரு பையன், ஏழு வயதிருக்கும், வாளியைப் பார்த்துக் கேட்டான்: "அக்கா, மிச்சப் பால நாங்க குடிக்கலாமா?" கடுக்காய் கலந்த பால் அது, குடிக்க முடியாது என்று அவனுக்குச் சொல்ல வேண்டி வந்தது. அன்றிலிருந்து துணியை என் வீட்டில் காலையிலேயே தயார் செய்கிறேன். வகுப்புச் செலவுக் கணக்கில் முதல் வரி, பிள்ளைகள் குடிக்கிற பால். சுண்டல் இரண்டாவது வரி. சாயப் பொருள் அதற்குப் பிறகு.

என்ன வரையச் சொல்வது என்பதிலும் எனக்கு எதிரிகள் உண்டு. ராமாயணம், தசாவதாரம் என்று மரபுப் படங்களைத்தான் கற்றுத்தர வேண்டும் என்றார் ஒரு பெரியவர். கூடவே, மாமிசம் சாப்பிடுகிற பிள்ளைகள் சாமி படம் எழுதலாமா என்றும் கேட்டார். காளத்திநாதருக்குக் கண்ணப்பர் இறைச்சி படைத்த ஊரில் பிறந்த கலைக்கு இந்தக் கேள்வி பொருந்தாது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வருவதில்லை.

ஒரு மே மாதம் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை வந்தது. ஒரு வாரம் ஊரே வேஷம் கட்டும். பைராகி வேஷத்துக்கு உடம்பெல்லாம் நாமக்கட்டி, பண்ட வேஷத்துக்குக் குங்குமம், தோட்டி வேஷத்துக்குக் கரி. நம் பிள்ளைகள் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இதைப் பூசிக்கொண்டு கங்கம்மாவிடம் போகிறவர்கள். வெள்ளை, சிவப்பு, கறுப்பு: கலம்காரிக்குத் தேவையான நிறங்களை அவர்கள் உடம்பிலேயே போட்டுப் பழகியிருந்தார்கள். ஜாத்திரையைப் பார்த்து வரையுங்கள் என்றேன். அதுவரை நான் போட்ட கோட்டின் மேலேயே கோடு இழுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அன்று என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பெண் வேஷம் கட்டிய மாமா, தலையில் வேப்பிலை வைத்த அத்தை, வேஷம் கலைந்த பிறகு திண்ணையில் தூங்குகிற தாத்தா என்று துணி நிறைந்தது. எந்த ஊராக இருந்தாலும் அந்த ஊர்த் திருவிழாவிலிருந்து ஆரம்பியுங்கள்.

சான்றிதழ் கேட்பார்கள். கொடுக்காதீர்கள், நீங்களும் நானும் கொடுக்கிற தாளுக்கு எங்கும் மதிப்பில்லை, பிள்ளைக்கு வீண் நம்பிக்கை வரும். உண்மையிலேயே மேலே படிக்க நினைக்கிறவர்களுக்குத் திருப்பதியிலேயே தேவஸ்தானத்தின் சிற்பக் கல்லூரி இருக்கிறது, அங்கே கலம்காரியும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் பையன் ஒருவன் பத்தாம் வகுப்பு முடித்து அங்கே சேர்ந்தான். வகுப்புக்கு வந்தால் மார்க் குறையும் என்று அவன் தலைமை ஆசிரியர் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அவன் தேறினான், அந்தத் தகவலை நானே பள்ளிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

துணி விற்றால் பணத்தைப் பிள்ளையின் அம்மா கையில், எல்லோர் முன்னிலையிலும் கொடுங்கள். "பொம்மை போட்டா சோறு வருமா" என்று கேட்ட அப்பாக்களுக்கு வேறு பதில் தேவைப்படாது. துணியின் ஓரத்தில் வரைந்தவர் பெயர் இருக்கட்டும். வேறு யார் பெயரும் வேண்டாம்.

இப்போதும் வகுப்பு அதே திண்ணையில், தண்ணீர் விடாத நாட்களில் ஐந்து மணிக்கு நடக்கிறது. கைக்குழந்தைகளும் வருகின்றன. நகரி, புத்தூர்ப் பக்கம் தறி வைத்திருப்பவர்கள் கறை பட்ட காடாத் துணியைக் கழித்துப் போடாமல் எங்களுக்குக் கொடுங்கள். கஞ்சியைப் போக்குவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கட்டடம் தர நினைப்பவர்கள் அதைத் தெருவுக்குள்ளேயே தர முடிந்தால் மட்டும் வாருங்கள்.