ஏமாந்தது யார் என்று பார்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மொழிபெயர்ப்பைப் படித்தேன். நடை நன்றாக ஓடுகிறது. 'சுப்பெர்ஷெரி' என்ற சொல்லில் மட்டும் நின்றுவிட்டேன். அது வந்த இடத்திலெல்லாம் 'மோசடி' என்று போட்டிருக்கிறாய்.

அகராதிப்படி தப்பில்லை. பிரெஞ்சு மொழி இத்தாலியிடம் வாங்கிய சொல் அது. வேரில் 'மிதமிஞ்சியது' என்று பொருள். பிறகு போலியை அசலென்று நம்பவைக்கும் தந்திரத்துக்குப் பெயராயிற்று. ஆங்கிலத்திலும் அபூர்வமாக அப்படியே எடுத்தாள்கிறார்கள். நூலடைவாளர் கெரார் 1847 முதல் 1853 வரை வெளியிட்ட தொகுதிகளின் தலைப்பிலும் இந்தச் சொல்தான். முகமூடி போட்டு எழுதியவரும் அடுத்தவர் எழுத்தைத் திருடியவரும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். தமிழில் அவர்களைப் பிரித்துச் சொல்ல முடியும். பித்தலாட்டம், தில்லுமுல்லு, புரட்டு, ஆள்மாறாட்டம்: எத்தனை சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை வேறு முகம்!

பிரெஞ்சு எழுத்தாளன் மெரிமேயை எடுத்துக்கொள். 1825இல் கிளாரா காஸுல் என்ற ஸ்பானிய நடிகை எழுதியதாக ஒரு நாடகத் தொகுப்பு வந்தது. சில பிரதிகளின் முகப்பில் அவள் படம்: தலையில் முக்காடு, கழுத்தில் மாலை, முகமோ மெரிமேயுடையது. இரண்டு வருடம் கழித்து 'லா கூஸ்லா'. பால்கன் பகுதி நாட்டுப்பாடல்களைத் திரட்டியதாகப் பேர். அந்தப் பக்கமே போகாத 23 வயது இளைஞன் பாரிஸில் உட்கார்ந்து கட்டியவை. 'காஸுல்' என்ற பெயரின் ஐந்து பிரெஞ்சு எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'கூஸ்லா'. திறவுகோலை வாசலிலேயே தொங்கவிட்டிருக்கிறான்!

கவிஞர் புஷ்கின் அந்தப் பாடல்களில் பதினொன்றை ரஷ்ய மொழியில் பாடினார். குட்டு வெளிப்பட்ட பிறகும் அவர் எதையும் கிழித்துப் போடவில்லை. உண்மையைச் சொன்ன மெரிமேயின் கடிதத்தையும் சேர்த்தே 1835இல் நூலில் அச்சிட்டார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பாட்டு நல்ல பாட்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

இதைப் போய் மோசடி என்பதா? யார் கைப்பொருள் போயிற்று? நான் 'ஆள்மாறாட்டம்' என்றுதான் எழுதுவேன். பிறர் எழுத்தைத் தன்னுடையது என்று விற்றவனுக்கு 'மோசடி' சரியான சொல். அங்கே ஒருவன் உழைப்பு பறிபோயிருக்கிறது.

பக்கங்களை மறுபடி எடு. அந்தச் சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் ஏமாற்றியவன் யார், ஏமாந்தவன் எதை இழந்தான் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு தமிழ்ச் சொல்லைத் தேடு. திருத்தியதை எனக்கு அனுப்பு, காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்