நெடும்பனி இரவில் ஒரு நடை

நுழையும்முன்

பனி என்றவுடன் தமிழர் மனத்தில் தோன்றுவது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. அதே சொல்லால் நாம் குறிக்கும் உறைபனியோ ஒரு கண்டத்தையே மூடிக் கிடக்கிறது. ஏறத்தாழ இரண்டு திங்கள் கதிரவன் எழாத அந்நிலத்தின் இருளிலும் மனிதர் நடக்கின்றனர். அவர்கள் எதற்காக நடக்கின்றனர், எவ்வாறு நடக்கின்றனர் என்பதை அறிவோம்.

புதுக்கோட்டையை அடுத்த திருவரங்குளத்தில், மார்கழி விடியலில் சிவன் கோவிலுக்கு நடந்து செல்வோர் துண்டால் காதுகளை மூடிக்கொள்கின்றனர். அவ்வேளையில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். வெயிலுக்குப் பழகிய உடலுக்கு அதுவே குளிர். முன்பனி, பின்பனி என இரு பெரும்பொழுதுகளைப் பனியின் பெயரால் வகுத்தவர் நம் முன்னோர். மாலை, யாமம், வைகறை எனச் சிறுபொழுதுகளையும் அவர்கள் நுட்பமாகப் பிரித்தனர். யாமம் முடிந்தால் வைகறை வரும் என்பது நாம் ஐயுறாத உண்மை. அந்த உண்மை மாறிப்போகும் நிலம் ஒன்று உண்டு. அதுவே அண்டார்க்டிகா.

தென்முனையில் இந்தியர்

கடலியல் அறிஞர் எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலில் புறப்பட்டு, 1982 சனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் இறங்கியது. அடுத்து, மிதக்கும் பனித்தட்டின்மீது 'தட்சிண கங்கோத்திரி' நிலையம் அமைந்தது. 1984ஆம் ஆண்டில் இந்தியர் முதன்முறையாகக் குளிர்காலம் முழுவதும் அங்குத் தங்கினர். 1988ஆம் ஆண்டின் குளிர்காலக் குழுவுக்குத் தலைமையேற்றவர் ஒரு தமிழர். திருவாரூர் மாவட்டம் சன்னாநல்லூரைச் சேர்ந்த கர்னல் பா. கணேசன்.

படிந்துகொண்டே வந்த பனியில் புதையத் தொடங்கியதால் அந்நிலையம் 1990இல் கைவிடப்பட்டது. அதற்கு முன்பே, பனி மூடாத சிர்மாக்கர் பாறைநிலத்தில் 'மைத்ரி' எழுந்துவிட்டது. 2012இல் லார்ஸ்மன் குன்றுகளில் 'பாரதி' பணியைத் தொடங்கியது. கோடையில் வருவோர் பலர். குளிர்காலத்தில் தங்குவோர் சில பதின்மரே. கடல் உறைந்துவிட்டால் கப்பல் அணுக இயலாது. நோய் வந்தாலும் உறவினர் இறந்தாலும் அடுத்த கோடை வரை ஊர் திரும்புவது அரிது.

விடியாத யாமம்

மைத்ரியில் மே மாதப் பிற்பகுதியில் மறையும் கதிரவன் சூலைப் பிற்பகுதியில்தான் மீண்டும் எழுகிறது. நண்பகலில் வடக்கு அடிவானில் மட்டும் சிறிது நேரம் செந்நிறம் படர்ந்து மறையும். பகலும் இரவும் வேறுபடாதபோது உறக்கம் தடுமாறுகிறது, மனம் சோர்கிறது. எனவே உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் பணிக்கும் கடிகாரமே கதிரவனாகிறது. சூன் 21, இருளின் நடுநாள். அண்டார்க்டிகாவின் எல்லா நாட்டு நிலையங்களும் அன்று ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பி விழாக் கொண்டாடுகின்றன. நாளை முதல் கதிரவன் நம்மை நோக்கித் திரும்புகிறான் என்பதே அவ்விழாவின் பொருள்.

இத்தகைய இருளில் எதற்காக வெளியே செல்ல வேண்டும்? வானிலைக் கருவிகள் வெளியே இருக்கின்றன. அவற்றில் படியும் பனியை அகற்ற வேண்டும். மின்னாக்கிகளையும் எரிபொருள் குழாய்களையும் பார்வையிட வேண்டும். ஒருநாள் பதிவு விடுபட்டாலும் ஆண்டுகளாகக் கோத்த சரத்தில் ஒரு மணி குறையும். இத்தகைய தொடர்பதிவின் பயனை 1985இல் உலகம் கண்டது. 1957 முதல் ஹேலி என்னும் பிரித்தானிய நிலையத்தில் விடாது எடுத்த அளவுகளே ஓசோன் படலம் மெலிந்து வருவதை வெளிப்படுத்தின.

நடையின் இலக்கணம்

துருவக் குளிரில் வெப்பமானி காட்டும் அளவைவிடக் காற்றே பெரும்பகை. உறைநிலைக்குக் கீழ் 30 டிகிரி குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், திறந்த தோல் உறைநிலைக்குக் கீழ் 46 டிகிரிக்கு ஒப்பான குளிரை உணரும். பத்து நிமிடங்களுக்குள் மூக்கும் கன்னமும் பனிக்கடிக்கு உள்ளாகலாம். முதலில் வலிக்கும், பின்னர் மரத்துப்போகும். வலி நின்றுவிட்டது என்பது அங்கு நற்செய்தி அன்று, எச்சரிக்கை.

ஆகவே நடைக்கு விதிகள் உண்டு. தனியே செல்லலாகாது. செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். கம்பியில்லாத் தொலைபேசி கையில் இருக்க வேண்டும். ஒரே தடித்த ஆடையைவிடப் பல அடுக்கு ஆடைகளே நல்லவை. அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்று உடல்வெப்பத்தைக் காக்கும். விரைந்து நடக்கவும் கூடாது. வியர்வை ஆடையை நனைத்தால், நின்றவுடன் அந்த ஈரமே உடல்வெப்பத்தைக் கவர்ந்துவிடும். உடன் நடப்பவரின் முகத்தை அடிக்கடி உற்றுநோக்க வேண்டும். தன் கன்னம் வெளுப்பதைத் தான் காண இயலாது. தோழர்தான் காண இயலும். பனிப்புயல் வீசும்போது நீட்டிய கையும் தெரியாது. அவ்வேளையில் கட்டடங்களுக்கிடையே கட்டிய கயிறே உயிர்.

இஸ்ரோவின் மங்களா மணி தம் 56ஆம் வயதில் பாரதி நிலையம் சென்று 403 நாள்கள் தங்கிச் செயற்கைக்கோள் தரவுகளைப் பெறும் பணியாற்றினார். அங்கு வெளிப்பணியில் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரத்திற்குமேல் இருக்க இயலாது. உள்ளே வந்து உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும்.

மூவர் நடந்த வழி

துருவ இரவின் நடைகளில் மிகக் கடியது 1911இல் நிகழ்ந்தது. ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கெராட் ஆகிய மூவர் சூன் 27 அன்று புறப்பட்டனர். பேரரசப் பென்குயின் குளிர்காலத்தின் நடுவில் அடைகாக்கும் பறவை. அதன் கரு, பறவையினத்தின் தோற்றத்தை விளக்கும் என வில்சன் நம்பினார். அம்முட்டைகளைப் பெற ஏறத்தாழ 110 கிலோமீட்டர் இருளில் நடக்க வேண்டியிருந்தது.

அவர்களிடம் இரண்டு சறுக்குவண்டிகள் இருந்தன. இரண்டையும் ஒருசேர இழுக்க இயலாதபோது, ஒன்றை இழுத்துச் சென்று வைத்துவிட்டு மற்றொன்றுக்காகத் திரும்பினர். ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடந்தனர். திரும்பும் தடத்தை மெழுகுவத்தி ஒளியில் தேடினர். குளிர் உறைநிலைக்குக் கீழ் 60 டிகிரியைக் கடந்தது. ஆடைகள் பலகைபோல் இறுகின. புயல் அவர்களின் கூடாரத்தைப் பறித்துச் சென்றது. அது பின்னர்க் கிடைத்ததால் பிழைத்தனர். எடுத்த முட்டைகள் ஐந்து. உடையாமல் வந்தவை மூன்று. ஆகஸ்டு 1 அன்று மூவரும் முகாம் சேர்ந்தனர்.

அம்முட்டைகள் வில்சன் எதிர்பார்த்த சான்றைத் தரவில்லை. எனினும் அந்நடையை வீண் எனக் கூற இயலுமா? ஒரு கருத்து பிழை என அறிவதும் அறிவே. விடை கிடைக்கும் என்னும் உறுதியோடு எவரும் ஆராய்ச்சிக்குப் புறப்படுவதில்லை.

> தெரிந்து தெளிவோம்
> பேரரசப் பென்குயினில் அடைகாப்பது தந்தையே. ஏறத்தாழ இரண்டு மாதம் உணவின்றி, முட்டையைக் கால்களின்மேல் ஏந்தி நிற்கும். பறவைகள் நெருங்கிக் கூட்டமாக நின்று, வெளியே நிற்பவை உள்ளேயும் உள்ளே நிற்பவை வெளியேயும் மெல்ல இடம் மாறிக் குளிரைப் பகிர்ந்துகொள்கின்றன.

அகத்திய விண்மீன்

காற்று ஓய்ந்த இரவில் அந்நிலம் வேறொன்றாகிறது. காலடியில் பனி நொறுங்கும் ஓசையன்றி வேறோசை இல்லை. வானில் துருவ ஒளி பச்சைத் திரைபோல் அசைகிறது. கதிரவனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் புவியின் காந்தப் புலத்தால் வழிநடத்தப்பட்டு, வளிமண்டலத்தோடு மோதுவதால் அவ்வொளி எழுகிறது.

நம்மோடு உறவுடைய விண்மீன் ஒன்றும் அங்குண்டு. தைத்திங்கள் இரவில் திருவரங்குளத்துக் குளக்கரையில் நின்று தெற்கே நோக்கினால் அகத்திய விண்மீன் தாழ்வாகத் தெரியும். அது 27 டிகிரி உயரத்தைத் தாண்டுவதில்லை. மைத்ரியில் அவ்விண்மீன் மறைவதே இல்லை. உச்சிக்கு அருகே 72 டிகிரி வரை உயர்கிறது. ஊரில் அடிவானில் கண்டதைத் தலைக்குமேல் காணும்போதுதான், எவ்வளவு தொலைவு வந்துவிட்டோம் என்பதைத் தமிழர் ஒருவர் உணர்வார்.

நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் அரசனும் நள்ளிரவில் நடந்தவனே. வாடைக்காற்றும் மழைத்துளியும் வாட்டப் பாசறையில் புண்பட்ட வீரரைக் காண அவன் வெளியே வந்தான். உறங்கியிருக்கலாம், ஆனால் அவனுக்காகப் புண்பட்டோர் விழித்திருந்தனர். துருவ இரவில் கயிற்றைப் பற்றிக் கருவிகளை நோக்கி நடப்போரும் தமக்காக மட்டும் நடப்பதில்லை. அவர்கள் எழுதிவரும் எண்கள், இன்னும் பிறவாதோர் படிக்கப்போகும் ஏடு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மார்கழித் திங்களின் வைகறை வெப்பநிலையைத் தொடர்ந்து பத்து நாள்கள் பதிவு செய்க. ஒருநாள் விடுபட்டால் என்ன இழப்பு நேரும் எனக் கலந்துரையாடுக.

2. 'வலி நின்றுவிட்டது என்பது எச்சரிக்கை' - இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

3. எதிர்பார்த்த முடிவைத் தராத ஆய்வு பயனற்றதா? மூவரின் பயணத்தைச் சான்றாகக் கொண்டு உம் கருத்தைக் கட்டுரையாக எழுதுக.